காடு நமக்கு அன்னியமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் படிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். நான் இன்று காட்டைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். காரணம் இருக்கிறது. வரும் விடுமுறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரே ஓர் இரவு காட்டு முகாமுக்கு அழைத்துப் போக ஆசிரியர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கடிதங்களில் பாதிகூட கையெழுத்தோடு திரும்பி வரவில்லையாம். பெண் பிள்ளைகளின் கடிதம் ஒன்றுகூட வரவில்லையாம். வாசலில் என்னைப் பார்த்த ஒரு தாயார் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "சார், வீட்டுல ஃபேன் இல்லாமலே தூங்காத புள்ள, காட்டுல போய் என்னா செய்யும்? புலி கிலி வந்தா யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையை எடுத்துக்கொண்டேன்.

முதலில், இது என்ன மாதிரி முகாம் என்று சொல்லிவிடுகிறேன். தங்கும் விடுதி அல்ல. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. ஓடையை ஒட்டிய மேட்டில் கொஞ்சம் சமமான தரை, அவ்வளவுதான். மேலே ஒரு கென்வாஸ் கட்டி, கீழே பாய் விரித்து, விறகு பொறுக்கிச் சமைத்து, குழி தோண்டிக் காலைக்கடன் கழிக்க வேண்டும். நம் பேராக் மாநிலத்தில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. ஈப்போவுக்குக் கிழக்கே நிற்கும் குனோங் கோர்பு 2,183 மீட்டர் உயரம். தீபகற்பத்தில் குனோங் தஹானுக்கு அடுத்த மலை அதுதான். உலு கிந்தாவிலிருந்து அதில் ஏறுகிறவர்கள் வழியில் 'கெம்' என்ற பெயர் பெற்ற இடங்களில் இரவு தங்குகிறார்கள். பெயர்தான் கெம், கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. அவ்வளவு தூரம் நம் சிறுவர்களை யாரும் கூட்டிப் போகவில்லை, பயப்படாதீர்கள். இவர்கள் போவது மலையடிவாரத்துக்கு.

இப்போது பயத்துக்கு வருகிறேன். காடு என்றால் நமக்கு ஏன் இவ்வளவு பயம்?

நம் மக்கள் காட்டுக்குப் புதியவர்களா என்ன? 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். பிறகு பெருங்காடுகள் பால்மரக் காடுகளாயின. காடழித்த ஓரத்தில் அத்தாப்புக் கொட்டகை போட்டு, கொசுக்கடியிலும் குளிர்காய்ச்சலிலும் படுத்தெழுந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்தான். அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்த முதல் வாழ்வே முகாம் வாழ்வு. அதற்கும் முன்னால் போனால், காட்டுக்கு முல்லை என்று ஒரு பூவின் பெயரை வைத்த கூட்டம் நாம்.

பிறகு எங்கே பிரிந்தோம்? 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. மாலையானால் ஊரடங்கு. வேலைக்குப் போகிறவரின் சோற்றுப் பாத்திரத்தையும் வேலியருகில் சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசி காட்டுப் பக்கம் போய்விடக் கூடாது. அன்று ஒரு தாய் தன் பிள்ளையிடம் "காட்டுப் பக்கம் போகாதே" என்று சொன்னால், அது உயிர் காக்கும் சொல். அதற்குப் பிறகும் வடக்கே பெலும் காடுகள் நெடுங்காலம் பாதுகாப்புப் படையினர் நடமாடும் பகுதியாகவே இருந்தன. 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாயில் உடன்பாடு கையெழுத்தாகித்தான் அந்தக் கதை முடிந்தது.

அவசரகாலம் போய்விட்டது, அந்தச் சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. பாட்டி சொன்னதை அம்மா சொன்னார், அம்மா சொன்னதை நாம் சொல்கிறோம். இடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தோம். இன்று ஈப்போவில் வளரும் நம் பிள்ளை மலையைச் சன்னலில் பார்க்கிறது. நெடுஞ்சாலையில் தாப்பா பக்கம் போகும்போது லாத்தா கிஞ்சாங் அருவி வெள்ளைக் கோடு போலத் தெரிகிறதே, அதைக் காரில் இருந்தபடியே 'அதோ' என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

இதை வைத்து, பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படிச் சொல்கிற ஆசிரியரோடு உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஏன் தெரியுமா? ஒரு காலத்தில் அப்படிச் சொன்ன ஆசிரியர் நான்.

இதுவரை எந்த மேடையிலும் சொல்லாத கதை இது.

எண்பதுகளின் தொடக்கம். பயிற்சி முடித்து வந்த புதிது. சாரணர் ஆசிரியர் என்ற மிடுக்கு வேறு. பன்னிரண்டு பையன்களைத் தாப்பா மலைப்பக்கம் ஓர் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். சமைப்பதற்கென்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கூட வந்தார். நாற்பது வருடம் பால் வெட்டியவர்; எழுதப் படிக்கத் தெரியாது. ஆற்றின் வளைவில் வெள்ளை மணல் திட்டு ஒன்று, பாய் விரித்தது போல இருந்தது. "இங்கேயே கூடாரம் அடிப்போம்" என்றேன்.

பெரியவர் கூடாரத்தைப் பார்க்கவில்லை. கரையிலிருந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார். கிளைக் கவட்டில், ஓர் ஆள் உயரத்துக்கு மேல், காய்ந்த செத்தையும் வைக்கோல் மாதிரிப் புல்லும் சிக்கியிருந்தன. "சார், இந்தச் செத்தைய பாத்தீங்களா? யாரும் ஏறி வைக்கல. தண்ணி வந்து வச்சிட்டுப் போயிருக்கு."

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. "மழையே இல்லையே ஐயா" என்று சிரித்துவிட்டேன். பையன்கள் முன்னால் என் சொல் தாழக் கூடாது என்ற வீம்பு.

அவர் வாதாடவில்லை. தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டார். பிறகு பாராங்கை எடுத்துக்கொண்டு கரையின் மேட்டுக்கு ஒரு வழி வெட்டினார். "எதுக்கு ஐயா இது?" என்றேன். "சும்மா இருக்க முடியல சார்" என்றார். படுக்கப் போகும்போது பையன்களின் சப்பாத்துகளைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார்.

நள்ளிரவுக்கு மேல் அவர் போட்ட சத்தத்தில் விழித்தேன். குச்சியைக் காணோம். தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறது. ஆனால் ஆற்றின் மேற்பக்கத்தில், பாரம் ஏற்றிய லோரி மேட்டில் ஏறுவது போல ஓர் உறுமல். பெரியவர் வெட்டிய வழியில் பையன்களைத் தள்ளி ஏற்றினோம். கூடாரம், சட்டி, அரிசி, என் சான்றிதழ்ப் பெருமை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது தண்ணீர். மேட்டில் நின்று தலைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. என் கால்கள் மடங்கிவிட்டன. அப்போது டார்ச் வெளிச்சத்தில் பெரியவரின் தோளைப் பார்த்தேன். பன்னிரண்டாவது பையன் அதில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

காலையில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர்தான் பேசினார்: "பசங்களுக்கு அந்தச் செத்தைய காட்டிக் குடுங்க சார். அது போதும்."

மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் மழை இல்லாமலே ஆறு ஏறும். விழுந்த மரங்களும் சருகும் மேலே அடைத்துக்கொண்டு, பிறகு ஒரே மூச்சில் உடையும். மலாய்க்காரர்கள் இதை 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், பொருளை எடுக்க நிற்கக் கூடாது. மேட்டுக்கு ஏற வேண்டும். கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கிய வெள்ளத்தில் 44 உயிர்கள் போயின. அது ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பு. காட்டை நம்மைவிட நன்றாக அறிந்தவர்களையும் அது விடவில்லை.

2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விடுமுறைக்கு முகாம் போட்ட குடும்பங்கள். விடியற்காலை இரண்டரை மணி வாக்கில், எல்லாரும் தூங்கும்போது, மேலிருந்த சரிவு இறங்கியது. அங்கிருந்த 92 பேரில் 31 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்தச் செய்தியைப் பார்த்த தாய் கையெழுத்துப் போடத் தயங்கினால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே, பெற்றோர்களே, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆசிரியரிடம் கேள்வி கேளுங்கள். என்ன கேட்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.

முதலாவது: கூடாரம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில்? மரத்தில் சிக்கிய செத்தைக்கு மேலேயா, கீழேயா? மணல் திட்டு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: தலைக்கு மேல் என்ன? வெட்டிய சரிவு, சாலைக்குக் கொட்டிய மண், பட்ட கிளை, இவற்றின் கீழே படுக்கக் கூடாது. பருவத்தில் டுரியான் மரத்தடியும் கூடாது. அதை நம் பேராக் மக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மூன்றாவது: அனுமதி இருக்கிறதா? காப்புக்காட்டுக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்ற விவரம் பள்ளியிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசி வேலை செய்யாத இடமாக இருந்தால், எத்தனை நிமிடம் நடந்தால் வேலை செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே போய் 999ஐ அழைப்பது யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

நான்காவது: குடிதண்ணீர் எப்படி? ஓடை கண்ணாடி மாதிரி இருந்தாலும் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஒன்று உண்டு. காலில் புண் இருக்கிற பிள்ளை ஆற்றில் இறங்கக் கூடாது. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கழிப்பறைக் குழி ஒரு சாண் ஆழம், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி.

ஐந்தாவது: இரவில் விழித்திருப்பது யார்? முறை வைத்துக்கொண்டு ஒருவராவது விழித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளோடு ஆசிரியைகள் எத்தனை பேர்? தலைகளை எண்ணுவது யார், எத்தனை மணிக்கு ஒரு தடவை?

புலியைக் கேட்டீர்களே அம்மா, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. நடமாட்டம் இருப்பதாக அதிகாரிகள் எச்சரித்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது. அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் முகாமில் நான் முதலில் பயப்படுவது தண்ணீருக்கு, பிறகு மரத்துக்கு, பிறகு சரிவுக்கு. அட்டைக்கு உங்களிடமே மருந்து இருக்கிறது: புகையிலையும் உப்பும்.

இவ்வளவு ஆபத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளையை அனுப்பு என்று எப்படிக் கேட்கிறான் இந்த மனிதன் என்று நினைப்பீர்கள். அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பதையும் கேளுங்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் முகாமை விடவில்லை. பெரியவர் சொன்னபடி செத்தையைக் காட்டிக் கொடுக்கவே மறுபடி மறுபடி போனேன். ஒரு தடவை விடாத தூறல். விறகெல்லாம் ஈரம். வகுப்பில் முதல் மூன்று இடம் வாங்கும் பையன்கள் தீப்பெட்டியில் பாதியைத் தீர்த்துவிட்டார்கள். எப்போதும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், எந்தப் பரிசளிப்பு விழாவிலும் மேடை ஏறாதவன், பையிலிருந்து ஒட்டுப்பால் துண்டு ஒன்றை எடுத்தான். பட்ட மரத்தின் குச்சியைச் சீவி, உள்ளே ஈரம் படாத சிராயை எடுத்து, ஒட்டுப்பாலைக் கொளுத்தி அடியில் வைத்தான். கரும்புகை கிளம்பியது, பிறகு நெருப்பு பிடித்தது. "யாருடா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். "எங்க பாட்டி, சார். மழை நாள்ல அடுப்பு இப்படித்தான் மூட்டும்." அன்று இரவு முப்பது பேர் அவன் மூட்டிய தீயில் சோறு தின்றோம். மறுநாளிலிருந்து வகுப்பில் அவனை யாரும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவன் வாங்கிய பரிசு இந்த மேசையில் இருக்கும் கிண்ணங்களில் இல்லை. பரிசு வாங்கிய பிள்ளைகளின் உழைப்பை நான் குறைக்கவில்லை, வாழ்த்துகிறேன். ஆனால் நம் பள்ளியில் அந்தப் பையனைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ. அவர்களைக் கண்டுபிடிக்க வகுப்பறை மட்டும் போதாது. சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 1907ஆம் ஆண்டு பிரவுன்சித் தீவில் நடத்திய முதல் முகாமில், வசதியுள்ள வீட்டுப் பையன்களையும் தொழிலாளி வீட்டுப் பையன்களையும் ஒன்றாகத்தான் படுக்க வைத்தார். கூடாரத்துக்குள் யார் பணக்காரன், யார் ஏழை என்பது விடிவதற்குள் மறந்துபோகும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சொல்கிறேன். மாலை மயங்கும் நேரத்தில் காட்டில் ஒரு பூச்சி கத்தும்; ஆறு மணிப் பூச்சி என்றே அதற்குப் பெயர் உண்டு. அது ஓய்ந்த பிறகு வருகிற இருட்டை நீங்கள் பார்த்ததில்லை. ஈப்போவில் இருட்டு கிடையாது, விளக்குக் குறைச்சல்தான் உண்டு. கோப்பேங்குக்கு அப்பால் உலு கெரோவில் ரஃப்லேசியா மலர் பூக்கும். மொட்டு முற்ற மாதக்கணக்கு, விரிந்து நிற்பதோ ஒரு வாரம். அங்குள்ள செமாய் மக்கள் அதை வழிகாட்டிக் காண்பிக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து அது வெகுதூரமில்லை.

கடைசியாக, பெண் பிள்ளைகளின் கடிதங்கள். தாய்மார்களே, உங்கள் தாயார் என்ன வேலை செய்தார்? விடியுமுன் பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி புகைய, இருட்டில் ஒண்டியாக மரம் மரமாக நடந்தவர் அல்லவா? பாம்பு எங்கே படுத்திருக்கும், எந்தக் கிளை ஒடியும், மழை எந்த மலையிலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய பேத்திக்கு ஓர் இரவு காட்டில் இருக்க உரிமை இல்லையா?

அந்த அறிவு இந்த மண்டபத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் பெரியவர்களே, அம்மாக்களே, நீங்கள்தான் அது. "நமக்கு என்ன தெரியும், நாம படிக்காதவங்க" என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒரு முட்டாள் வாத்தியாரையும் காப்பாற்றியவர் படிக்காதவர். தலைமையாசிரியர் அவர்களுக்கு நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: இந்த முகாமுக்கு ஆசிரியர்களோடு தோட்டத்துப் பெரியவர்கள் இருவரை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், ஆசானாக அழைத்துப் போங்கள். சமைக்க அல்ல, சொல்லிக் கொடுக்க. அவர்கள் இந்த இடம் வேண்டாம் என்றால், கூடாரத்தைப் பிடுங்கிவிடுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுதான்.

அந்தக் கடிதம் உங்கள் பிள்ளையின் பையில், கணக்குப் புத்தகத்துக்கு உள்ளே மடங்கிக் கிடக்கும். இன்றிரவு எடுத்துப் பாருங்கள். ஐந்து கேள்வியையும் அதன் பின்பக்கத்தில் எழுதி நாளை ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பதில் திருப்தியாக இருந்தால் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.